ஓசூர்ல செய்யற வண்டியே வாங்கிடலாமா?

"எந்த வண்டிடா நம்ம ஊர்ல செய்யறாங்க? அதையே வாங்கிடலாம்."

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் நான் வேலை பார்க்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மாமா கேட்டார். அக்கா வீட்டுக்காரர். ஸ்ரீராமபுரத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறார். இரும்புக் குழாய், தகடு, பிளாஸ்டிக் சேர், அண்டா, குண்டா எல்லாம் அவரிடம் உண்டு. ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அவருக்கு 'நம்ம ஊர்' என்றால் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டினால் வருகிற தமிழ்நாட்டு ஊர்தான்.

கேள்வி சும்மா வரவில்லை. ஆவணி முகூர்த்தம் முழுக்க அவருடைய பழைய லோடு வண்டி ஒரு சென்சாருக்காக 22 நாள் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. "பார்ட் ஃபேக்டரியிலிருந்து வரணும் சார்" என்ற ஒரே பதிலை 22 நாளும் கேட்டுவிட்டு, வாடகை வண்டி வைத்தே ஏழு கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றினார். புரட்டாசி பிறந்து கல்யாணம் ஓய்ந்ததும் நேராக என்னிடம் வந்தார். எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு முடியப்போகிறது, பழசை விற்றுவிட்டு ஆயுத பூஜைக்குள் புதுசு எடுக்க வேண்டும். ஃபேக்டரி பக்கத்தில் இருந்தால் பார்ட்டும் பக்கத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருஷமாகப் பெட்டி லேபிளைப் படித்தே பிழைக்கிறவன் நான். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும். மாமாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பெங்களூரில் லோடு வண்டி வாங்கப்போகிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில், எது எங்கே வண்டியாகிறது என்று பார்த்துவிடலாம்.

மாமா நினைத்தது அசோக் லேலண்ட் தோஸ்த்தை. அது சரிதான், தோஸ்த் ஓசூரில்தான் தயாராகிறது. லேலண்டுக்கு ஓசூரில் 1980-லிருந்தே ஆலை உண்டு. 2008-ல் ஜப்பானின் நிசானோடு கூட்டு வைத்து, 2011-ல் தோஸ்த்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல். 2016-ல் நிசானின் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. 2020-ல் படா தோஸ்த் வந்தது. ஆக 'நம்ம ஊர்' தோஸ்த்தின் பூர்வீகத்தில் பாதி ஜப்பான். இதைச் சொன்னதும் மாமா முகம் கொஞ்சம் சுருங்கியது.

டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 700 சிசி சொச்சம். முதலில் புணேயில்தான் செய்தார்கள். 2007-ல் உத்தராகண்டின் பந்த்நகருக்குப் பெயர்ந்தது. மலையடிவாரத்துக்கு ஏன் போனார்கள்? அந்த மாநிலத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அப்போது கலால் வரி விலக்கு இருந்தது. வண்டி எங்கே செய்யப்படுகிறது என்பதை ரோடும் துறைமுகமும் முடிவு செய்வதைப் போலவே வரியும் முடிவு செய்கிறது. கர்நாடகத்துக்குள் தார்வாடிலும் டாடாவுக்கு ஆலை உண்டு. ஏஸ் ஜிப், மேஜிக் ஐரிஸ் மாதிரிக் குட்டி வண்டிகள் அங்கே வந்துகொண்டிருந்தன.

மஹிந்திராவுக்கு ஒரே ஊர் என்று சொல்ல முடியாது. மும்பை காந்திவலி, நாசிக், புணே பக்கம் சாக்கன், தெலங்கானாவில் ஜஹீராபாத், வடக்கே ஹரித்வார் என்று பரவியிருக்கிறது. எஞ்ஜினுக்கென்று இகத்புரியில் தனி ஆலை. இத்தனைக்கும் 1940-களின் கடைசியில் அவர்கள் ஆரம்பித்தது வில்லிஸ் ஜீப்பைப் பெட்டி பெட்டியாக இறக்கி மும்பையில் பூட்டும் வேலையில்தான். சின்ன வண்டி ஜீட்டோ 2015-ல் ஜஹீராபாத்திலிருந்து வந்தது.

மாருதி சூப்பர் கேரி குருகிராமிலிருந்து வருகிறது. இசுசு டி-மேக்ஸ், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியிலிருந்து வருகிறது. 2016 ஏப்ரலில் அந்த ஆலை திறக்கும்வரை திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அதைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்பாசடர் கம்பெனியின் கொட்டகையில் ஜப்பான் பிக்கப்! எனக்குப் பிடித்த விசித்திரங்களில் ஒன்று.

பெங்களூரிலேயே செய்கிற பிக்கப் ஒன்று உண்டு. மாமா அதை எதிர்பார்க்கவில்லை. டொயோட்டா ஹைலக்ஸ். மைசூரு ரோட்டில் பிடதியில், இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. ஃபேக்டரிக் கிட்டம்தான் கணக்கென்றால் ஓசூரைவிட இது கிட்டம். விலை 30 லட்சத்தைத் தொடும் என்றதும் மாமா கவுண்டரிலிருந்து முழங்கையை எடுத்துவிட்டார்.

ஆனால் ஹைலக்ஸ் கதையில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 'எங்கே செய்தது' என்ற கேள்வியின் உள்குத்து முழுக்க அதில் இருக்கிறது.

ஹைலக்ஸ் உலகத்துக்குப் பெரும்பாலும் தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா ஆலைகளிலிருந்து போகிறது. பிடதியில் நடப்பது பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களை ஒன்றாகப் பூட்டும் வேலை. அப்படியானால் இது தாய்லாந்து வண்டியா? அவசரப்பட வேண்டாம். 2004-ல் டொயோட்டா ஒரு பெரிய திட்டம் போட்டது. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இன்னோவா மூன்றுக்கும் ஒரே அடித்தளம். டீசல் எஞ்ஜின் தாய்லாந்தில், பெட்ரோல் எஞ்ஜின் இந்தோனேசியாவில், கியர் பாக்ஸ் பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இந்தியாவில் என்றால் எங்கே? இதே பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் ஆட்டோ பார்ட்ஸ் ஆலையில். அதாவது இந்தியாவில் ஹைலக்ஸ் விற்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே, எங்கோ அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணையில் ஓடும் ஹைலக்ஸுக்குள் பிடதி கியர் பாக்ஸ் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பிருந்தது. வண்டி நமக்கு வரும் முன்னால் நம்முடைய பல்சக்கரம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பிறகு ஜிகணியில் டொயோட்டா குழுமத்தின் டீசல் எஞ்ஜின் ஆலையும் வந்தது. ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் வகை எஞ்ஜின்கள் அங்கே தயாராகின்றன.

வண்டிக்குப் பிறந்த ஊர் ஒன்று என்று நினைக்காதீர்கள். பூட்டிய ஊர் என்று ஒன்று உண்டு. மற்றபடி ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஊர்.

எங்கள் கடை ரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பாகங்கள் என்றால் சென்னை பாடி. பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது. அதே பாடியில்தான் லூகாஸ் டிவிஎஸ்ஸின் ஸ்டார்ட்டரும் டைனமோவும், வீல்ஸ் இந்தியாவின் சக்கரமும். ஸ்டீயரிங் பக்கம் ரானே, அதுவும் சென்னை. கிராங்க் அடித்துக் கொடுப்பதில் புணே பாரத் ஃபோர்ஜ். டயர் மைசூருவிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வரும். பேட்டரி ஓசூரிலிருந்தோ திருப்பதிப் பக்கத்திலிருந்தோ. போல்ட் நட்டு என்றால் பாதி லூதியானா. டீசல் பம்ப் விஷயத்தில் பெங்களூரே பெரிய ஊர். 1951-ல் ஆரம்பித்த மைக்கோ, இன்றைய பாஷ், ஆடுகோடியில்தான் வளர்ந்தது. 'மைக்கோ லேஅவுட்' என்று ஒரு பேட்டையே பம்ப் கம்பெனி பெயரில் இருக்கிற ஊர் இது. டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலை நாசிக்கில் நடக்கிறது.

டாடாவாகட்டும், லேலண்டாகட்டும், மஹிந்திராவாகட்டும், வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்தால் இந்தப் பெயர்களில் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். பந்த்நகர் ஆலையைச் சுற்றிப் பார்ட்ஸ் கம்பெனிகளுக்கென்றே ஒரு பேட்டை கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் தெற்கே செய்த பாகம் இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே போய், வண்டியில் ஏறி, அதே தூரம் திரும்பி ஜே.சி. ரோட்டுக்கு வருவது அதிசயமில்லை.

கடல் கடந்தும் இதே கூத்துதான். 1992 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் கைவிட்ட ரேடியேட்டர் மூடி லைனைச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் விலைக்கு வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் அமெரிக்க வண்டிக்கு மூடி போட்டது நம் ஆட்கள். அமெரிக்காவில் பிக்கப் என்றால் தேசப்பற்று மாதிரி பேசுவார்கள். 1964-லிருந்து வெளிநாட்டு லோடு வண்டிக்கு 25 சதவீத இறக்குமதி வரி. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்ட கோபத்தில் போட்டது, அதனால் பேரே 'கோழி வரி'. அந்த வரிக்குப் பயந்துதான் ஜப்பான்காரர்கள் அங்கேயே ஆலை கட்டினார்கள். ஆனாலும் டொயோட்டாவின் டகோமா பிக்கப் இன்று மெக்சிகோவிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போகிறது. ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். வட அமெரிக்கப் பாகம் எத்தனை சதவீதம், எஞ்ஜின் எந்த நாடு, கியர் பாக்ஸ் எந்த நாடு என்று புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியே ஆக வேண்டும் என்று 1992-ல் சட்டம் போட்டார்கள். நம் ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டியிருப்பது ஆஃபர் ஸ்டிக்கர்தான்.

நமக்கு இருப்பது சேசிஸ் நம்பர். 17 எழுத்து. முதல் இரண்டு எழுத்து எம்ஏ முதல் எம்இ வரைக்குள் இருந்தால் இந்தியாவில் பூட்டியது. எம்எல் முதல் எம்ஆர் வரை இருந்தால் தாய்லாந்து. மூன்றெழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனி தெரியும்: எம்ஏடி என்றால் டாடா, எம்ஏ1 மஹிந்திரா, எம்பி1 லேலண்ட், எம்ஏ3 மாருதி, எம்பிஜே பிடதி டொயோட்டா. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி.யையும் சேசிஸையும் ஒப்பிடும்போது இதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் எந்த நாட்டுக்காரன் என்று அது சொல்லாது.

சரி, மாமா கணக்குக்கு வருவோம். ஓசூரில் பூட்டிய வண்டிக்கு ஓசூரிலிருந்து பார்ட் வந்துவிடுமா?

வராது. நாற்பது கிலோமீட்டர்தானே என்று எந்த ஃபேக்டரி கேட்டில் போய் நின்று பிரேக் ஷூ கேட்டாலும் செக்யூரிட்டி சிரிப்பார். பார்ட் செய்தவனிடமிருந்து கம்பெனியின் பார்ட்ஸ் குடோனுக்குப் போகும், அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், அப்புறம்தான் எங்கள் மாதிரிக் கடை. அந்தக் குடோனில் சரக்கு இருந்தால் மறுநாள் காலை கையில். இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் செய்த பார்ட்டுக்கும் 22 நாள்தான்.

அன்று மாமாவுக்குக் காட்ட, ரேக்கிலிருந்து இரண்டு வீல் சிலிண்டர் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். ஒன்று வண்டிக் கம்பெனியின் பெட்டியில், ஹாலோகிராம் எல்லாம் மினுக்கிக்கொண்டு. இன்னொன்று அதைச் செய்த பிரேக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில். இரண்டையும் பிரித்து பல்பு வெளிச்சத்தில் பிடித்தேன். வார்ப்பில் ஒரே முத்திரை, ஒரே எண், ரப்பர் மூடியின் மடிப்புகூட ஒன்று. மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விலையில் நூற்றுச் சொச்சம் ரூபாய் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"ஒண்ணுதான் மாமா. பெட்டிக்குத்தான் காசு."

"அப்ப மூணாவது ஒண்ணு இருக்குமே?"

தொழில் செய்கிறவர், சட்டென்று பிடித்துவிட்டார். மூன்றாவது உண்டு. எல்லோரும் 'லோக்கல்' என்பது. டில்லி காஷ்மீரி கேட் மொத்தச் சந்தையிலிருந்து மூட்டையில் வரும். அதில் நல்ல சரக்கும் இருக்கிறது, மோசமும் இருக்கிறது. லோக்கல் என்று சொல்லி லோக்கலாக விற்றால் எனக்குச் சண்டையில்லை. வைப்பர் பிளேடு, மட்கார்டு ரப்பர், கதவுக் கைப்பிடிக்கு அது போதும். நாலாவதாக ஒன்று உண்டு, அது டூப்ளிகேட். கம்பெனிப் பெட்டியையே அச்சடித்து உள்ளே தகரத்தை வைப்பது. "பில் பேடா, ஒரிஜினல் கொடி" (பில் வேண்டாம், ஒரிஜினல் கொடுங்க) என்று கன்னடத்தில் ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது. பில் வேண்டாம் என்று சொன்ன கணமே ஒரிஜினலை விட்டுக்கொடுத்தாயிற்று.

லேபிளைப் படிக்கச் சொல்கிறேனே, அது இதற்குத்தான். சட்டப்படி பெட்டி மேல் செய்தவர் பெயரும் விலாசமும், மாதமும் வருஷமும், எம்.ஆர்.பி.யும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு, யார் இறக்குமதி என்றும் இருக்க வேண்டும். 'மேனுஃபாக்சர்ட் பை' என்று இருக்கிறதா, 'மார்க்கெட்டட் பை' என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது மட்டும் பெரிய எழுத்தில் இருந்து, செய்தவர் விலாசம் எறும்பு எழுத்தில் இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எறும்பைப் படியுங்கள். அச்சு கையில் ஒட்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆக, ஃபேக்டரி தூரத்தைத் தள்ளிவிட்டு எதை ஒப்பிட வேண்டும்? நான் மாமாவிடம் மூன்று பாகத்தைச் சொன்னேன்: கிளட்ச் செட், இடதுபக்க ஹெட்லைட், எஞ்ஜினில் ஒரு சென்சார். கிளட்ச் தேயும். ஹெட்லைட் பெங்களூர் டிராஃபிக்கில் உடையும், அதிலும் இடதுபக்கம்தான் முதலில் போகும். ஆட்டோ வந்து சொருகுகிற பக்கம் அது. சென்சார் என்ன நினைக்குமோ, அது நின்றால் வண்டி நிற்கும். வாங்க நினைக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் இந்த மூன்றும் இன்று கையில் இருக்கிறதா என்று மூன்று கடைக்குப் போன் போடுங்கள். கம்பெனி கவுண்டருக்கும் ஒரு போன். ஒரு மணி நேர வேலை. எந்த ஷோரூம்காரரும் இதைச் செய்யச் சொல்ல மாட்டார்.

நாங்கள் போட்டோம். கிளட்ச் செட் எல்லா வண்டிக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் டவுன் ஹாலுக்கும் இடையிலேயே கிடைத்தது. ஹெட்லைட்டும் அப்படித்தான். சென்சார் எந்த வண்டிக்கும் கடையில் இல்லை. கம்பெனி கவுண்டரைத்தான் கேட்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து இந்த நிலைமைதான். பழைய வண்டியில் மெக்கானிக் சுத்தியலும் நெருப்புப் பெட்டி அட்டையும் வைத்துச் சமாளிப்பார். இப்போது லேப்டாப் சொருகினால்தான் எது போச்சு என்றே தெரியும். மாமாவின் 22 நாளுக்கு மூலகாரணம் இதுதான். எந்தப் புது வண்டி எடுத்தாலும் இந்தத் தலைவலியிலிருந்து தப்ப முடியாது. அதை மனதில் வைத்து, முகூர்த்த மாதங்களுக்கு முன்னாலேயே ஸ்கேன் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப் பார்ட்ஸ் விஷயத்தில் எல்லாம் ஏறக்குறைய சமம் என்று ஆனபிறகு, உண்மையான ஒப்பீடு எடையும் தெருவும் என்று ஆகிவிட்டது.

குட்டியானையும் சூப்பர் கேரியும் முதல் சுற்றிலேயே வெளியே. ஏறக்குறைய முக்கால் டன்தான் அவற்றின் கணக்கு. சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ, சிஎன்ஜியில் 625. தண்ணீர் கேன், பேக்கரிச் சரக்கு, காய்கறி சில்லறைக்கு அருமையான வண்டிகள். மாமாவின் குழாயும் தகடும் ஏறினால் ஸ்பிரிங் பட்டை நெளிந்துவிடும். மின்சாரம் பக்கமும் எட்டிப் பார்த்தோம். பொம்மசந்திராவில் செய்கிற மஹிந்திரா ட்ரியோ மூன்று சக்கர வண்டிதான் அசல் பெங்களூர் சரக்கு. ஆனால் பத்தடிக் குழாயை அதில் வைத்தால் அது தெருவையே மறித்துவிடும்.

இசுசு டி-மேக்ஸ் எஸ்-கேப் நல்ல முரட்டு வண்டி, மறுக்கவில்லை. வாரம் ஒருமுறை ஆரணிக்குப் போகிறவருக்கு ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் அதன் விலைக்குப் பந்தல் வாடகை கட்டுப்படியாகாது. அதோடு அதை நிறுத்தினோம்.

மிச்சம் இருந்தது பொலேரோ பிக்கப்பும் தோஸ்த்தும்.

பொலேரோ பிக்கப் மூக்கு வைத்த வண்டி. எஞ்ஜின் முன்னால் பானெட்டுக்குள். திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும், ரோட்டோர மெக்கானிக்குக்கும் மனப்பாடம். கிராமத்து மண் ரோட்டில் பாரத்தோடு இறக்கிவிட்டால் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். மறுவிற்பனையிலும் கை நழுவாது. 1.7 டன் ஏற்றுகிற மாடல்கூட உண்டு. ஆனால் அந்த மாடலின் மொத்த எடை 3490 கிலோ. இங்கே ஒரு சட்ட விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி, மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. வாரா வாரம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுகிற மாமாவுக்கு இது சின்ன விஷயமில்லை. படா தோஸ்த்திலும் இதே கோடுதான்: ஐ3 மாடல் 2990 கிலோ, ஐ4 மாடல் 3490. ஒரு காகிதம் குறைந்தால் ஒரு கை நீட்டல் குறையும்.

அதனால் கோட்டுக்குக் கீழே இருப்பவைகளை மட்டும் வைத்துக்கொண்டோம். 1.3 டன் பொலேரோ பிக்கப் ஒரு பக்கம், ஒன்றரை டன் தோஸ்த் பிளஸ் இன்னொரு பக்கம்.

தோஸ்த்தில் எஞ்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்க வேண்டும், மெக்கானிக்குகள் முணுமுணுப்பார்கள். ஆனால் மூக்கு இல்லாததால் வண்டியின் மொத்த நீளத்தில் பெரும்பங்கு சாமானுக்குக் கிடைக்கிறது, திருப்புவதும் சுலபம். இதை ஷோரூமில் நின்று பேசினால் புரியாது. ஸ்ரீராமபுரத்தில் மாமாவின் குடோன் இருக்கிற சந்துக்குப் போனால் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் அவர் பையனும் அளவு நாடா எடுத்துக்கொண்டு அந்தச் சந்தில் இறங்கினோம். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் மதில், எதிரே சாக்கடை மூடி, அதற்கடுத்து யாரோ நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கும் ஸ்கூட்டர். ஷோரூம் பேப்பரில் இருந்த இரண்டு வண்டிகளின் நீளத்தையும் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். பொலேரோவின் கோடு சாக்கடை மூடியை மிதித்துக்கொண்டு நின்றது. தோஸ்த்தின் கோடு மூடிக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்தது. கோயில் திருவிழாவில் அந்த மூடிமேல்தான் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். மாமா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு இருக்கிற வண்டிக்கு அந்தச் சந்தில் இடமில்லை.

இதே மாமா கோலாரிலோ கிருஷ்ணகிரியிலோ திறந்த இடத்தில் குடோன் வைத்திருந்தால் நான் யோசிக்காமல் பொலேரோவைச் சொல்லியிருப்பேன். அளவுக்கு மேல் ஏற்றுகிற பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். சொல்லக் கூடாது, ஆனாலும் நிலவரம் அது. மாமா நிறுத்து ஏற்றுகிறவர். அவர் குழாயின் மொத்த எடை அவருக்கு மனப்பாடம்.

மாமா பையனுக்குக் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, அதில் ஓட்டலாமா என்றும் கேட்டான். 7500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை அந்த லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. அதில் பிரச்சினையில்லை. பணம் கட்டுவதை மட்டும் 2025 செப்டம்பர் 22 வரை தள்ளிப்போடச் சொன்னேன். அன்றிலிருந்து லோடு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த வித்தியாசத்தில் தார்ப்பாயும், ஏணியும், முதல் மாச டியூவும் அடங்கிவிட்டன.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டி வந்தது. தோஸ்த் பிளஸ், வெள்ளை. மாமா தெருவில் எல்லோரிடமும் "நம்ம ஓசூர் வண்டி, நம்ம ஆளுங்க செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்துக் கோட்டையும் பெர்மிட்டையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டயர் எந்த ஊருடா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

குனிந்து பக்கவாட்டில் துடைத்துப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நாலு எண்: 2225. 2025-ம் வருஷம், 22-வது வாரம். சேசிஸ் தகட்டில் ஆகஸ்ட் மாதம் அடித்திருந்தது.

"ஊரை விடுங்க மாமா. டயர் வண்டியைவிட ரெண்டு மாசம் மூப்பு."

"அண்ணன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு, அந்த டயருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.